வீட்டிலேயே படம் பிரிண்ட் போடுவது வீண் செலவா?

கேள்வி, 4 அக்டோபர் 2024

"ஆசைப்பட்டு ஒரு போட்டோ பிரிண்டர் வாங்கினேன். மை காய்ந்துபோகிறது, திரையில் பார்த்த நிறம் தாளில் வருவதில்லை, ஒரு நல்ல படம் கிடைப்பதற்குள் தாள் தாளாகக் குப்பைக்குப் போகிறது. கடையில் 4R, அதாவது 4-க்கு 6 அங்குலப் படம், ஒரு மலேசிய வெள்ளிகூட இல்லை. வீட்டில் படம் போடுவது காசு இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். யாராவது மறுத்துச் சொல்ல முடியுமா?"

4 அக்டோபர் 2024, இரவு

காசுக் கணக்கு மட்டும் போட்டால் நீங்கள் சொல்வதுதான் சரி. 4R அளவில் வீட்டுப் பிரிண்டர் கடையை ஒருநாளும் ஜெயிக்காது. கடையில் இருப்பது நூற்றுக்கணக்கில் தள்ளுவதற்கென்றே செய்த இயந்திரம், நம்முடையது மேசை ஓரத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு படம் போடுவது. அதனால் பிள்ளைகளின் சுற்றுலாப் படம், பிறந்தநாள் படம் எல்லாம் நானும் கடையில்தான் கழுவுகிறேன்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். சுற்றிலும் முன்பு பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை (பாமாயில் பனை). தோட்டத்தில் பிறந்து, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள் உடைந்து, தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்தவர்கள்தான் என் தெருவில் பாதிப் பேர். நான் வீட்டில் பிரிண்ட் போடுவதற்கு ஒரே காரணம் முகம். எங்கள் ஆட்களின் முகம் நேரில் என்ன நிறமோ அதே நிறத்தில் தாளில் வர வேண்டும். கடையில் கொடுத்தால் ஒரு படத்தில் வெளுத்து வரும், அடுத்த படத்தில் சாம்பல் பூசியது மாதிரி வரும், மூன்றாவதில் வெயிலில் நின்றதுபோல் சிவந்து வரும். மூன்றும் ஒரே ஆள், ஒரே மத்தியானம். வீட்டில் போடும்போது அதைச் சரிசெய்கிற வேலை என் கைக்கு வந்துவிடுகிறது. இதற்குத்தான் மை, தாள், நேரம் எல்லாவற்றையும் செலவழிக்கிறேன், செலவழித்ததற்கு வருத்தமும் இல்லை.

நீங்கள் சொன்ன மூன்று குறையும் உண்மையான குறைகள். ஒவ்வொன்றாக எழுதுகிறேன், ஒரே மூச்சில் முடியாது.

6 அக்டோபர் 2024

மை காய்வது. முதலில் உங்கள் பிரிண்டர் எந்த வகை என்று பாருங்கள். எப்சன் வகையில் மின்சாரம் பட்டால் வளைகிற ஒரு சின்னப் பொருள் மையைத் தள்ளுகிறது. கேனன், எச்பி வகையில் மையைச் சட்டென்று சூடாக்கிக் குமிழி வரவழைத்துத் துப்புகிறார்கள். சூடாக்கும் வகையில் பல மாடல்களில் மை துப்பும் தலையைக் கழற்றி மாற்றலாம். எப்சன் வகையில் தலை பிரிண்டரோடு சேர்ந்தது, அது போனால் பெரும்பாலும் பிரிண்டரே போன மாதிரி. அதனால் அந்த வகை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வாரம் ஒரு தடவை எல்லா நிறமும் உள்ள சின்னப் படம் ஒன்று போட்டுவிடுங்கள், சாதாரணத் தாளில் போட்டால்கூடப் போதும். கோடு விழுந்தால் உடனே ஹெட் கிளீனிங்கை (தலையைச் சுத்தம் செய்வதை) அழுத்தாதீர்கள், முதலில் நாசில் செக் (மைத் துளைச் சோதனை) போட்டுப் பாருங்கள். உண்மையிலேயே இடைவெளி இருந்தால் ஒரு தடவை கிளீனிங், போகவில்லை என்றால் இன்னொரு தடவை, அதற்கும் போகவில்லை என்றால் இரவு முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும். காய்ந்த மை தானே ஊறி இளகிவிடுவது உண்டு. கிளீனிங் செய்யும்போதெல்லாம் உறிஞ்சப்படும் மை, உள்ளே இருக்கும் பஞ்சில் போய்ச் சேருகிறது. பஞ்சு நிறைந்துவிட்டதாகப் பிரிண்டர் கணக்குப் போட்டுவிட்டால் வேலையையே நிறுத்திவிடும். புது மாடல்கள் சிலவற்றில் அந்தப் பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள், விற்பவர்கள் தாங்களாகச் சொல்வது அபூர்வம்.

இன்னொன்று. பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானை அழுத்தித்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் தலை தன் மூடிக்குப் போய் உட்காரும். எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் வீட்டில் எல்லாரும் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவோம், தோட்டத்து வீடுகளில் பழகிய பழக்கம் அது. பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் தலை திறந்தபடியே நடுவழியில் நிற்கும், மை காய்ந்துபோகும். வானம் இருட்டினால் பிரிண்ட் போட ஆரம்பிக்காதீர்கள்.

7 அக்டோபர் 2024

திரையில் பார்த்த நிறம் வரவில்லை என்பது. "நிறம்" என்று நீங்கள் சொல்வதில் பாதி வெளிச்சமாகத்தான் இருக்கும். பெரும்பாலானவர்கள் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் படத்தைத் திருத்துகிறார்கள், அப்புறம் தாள் இருட்டாக வருகிறது என்கிறார்கள். திரைக்குள் விளக்கு எரிகிறது, தாளுக்கு அறை வெளிச்சம் மட்டும்தான். பிரிண்ட் போடுகிறவர்கள் திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைக்கிறார்கள். அளக்கும் கருவி வேண்டியதில்லை. வெள்ளைப் போட்டோ தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், அறை விளக்கைப் போடுங்கள், திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து இரண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். முதல் நாள் கண்ணுக்குப் பிடிக்காது, பழகிவிடும்.

மிச்சப் பாதி புரொஃபைல், அதாவது ஒரு தாளில் ஒரு பிரிண்டரின் நிறம் எப்படி வரும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு. தாள் விற்கும் நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனித்தனியாக ஐசிசி புரொஃபைல் கோப்பை இலவசமாகவே தங்கள் தளத்தில் போட்டிருக்கிறார்கள். நிறத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மென்பொருளிடம் கொடுத்தால் பிரிண்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இரண்டு பேரும் திருத்தினால் முகம் ரோஜா நிறத்துக்குப் போய்விடும். "என் பிரிண்டர் எல்லாவற்றையும் சிவப்பாக அடிக்கிறது" என்று புகார் சொல்கிறவர்களின் வீட்டில் போய்ப் பார்த்தால் பல தடவை இதுதான் காரணம்.

12 அக்டோபர் 2024

"கடையில் முகம் மாறுகிறது என்பது உங்கள் மனப்பிரமை, இயந்திரத்துக்குக் கறுப்பு வெள்ளை எல்லாம் ஒன்றுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 1954 வரை கலர் பிலிம் விலையோடு கழுவும் கூலியையும் கோடாக் நிறுவனம் சேர்த்தே வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அரசாங்கம் வழக்குப் போட்டு இரண்டையும் பிரிக்க வைத்தது. வெளி ஆட்களும் கழுவலாம் என்று ஆனதும், எல்லாக் கடையிலும் நிறம் ஒரே மாதிரி வருவதற்காக ஒரு மாதிரிப் படம் அனுப்பப்பட்டது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பளிச்சென்ற உடையில் உட்கார்ந்திருக்கும் படம். அதில் முதலில் இருந்த பெண்ணின் பெயரால் அதற்கு ஷர்லி அட்டை என்று பெயர் விழுந்தது. அவள் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கறுப்பு, பழுப்பு, மஞ்சள் தோல் உள்ளவர்களையும் சேர்த்து அட்டை வந்தது 1990-களில்தான். அதுவரை உலகம் முழுக்க எத்தனை கல்யாணப் படங்கள் அந்தப் பெண்ணின் முகத்தை அளவாக வைத்துக் கழுவப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் அம்மா அப்பா கல்யாணப் படமும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

இப்போது அட்டை இல்லை, ஆனால் தானியங்கித் திருத்தம் இருக்கிறது. அது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்து மொத்தத்தையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த முகம் பெரிதாக இருக்கும் படத்தை "இருட்டு" என்று நினைத்து வெளுக்க வைக்கும். அதே ஆள் வெள்ளை வேட்டி சட்டையில் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் "வெளிச்சம் அதிகம்" என்று இறக்கிவிடும், முகம் கரியாகிவிடும். கேமராவின் உள்ளே இருக்கும் வெளிச்ச அளவியும் இதையேதான் செய்கிறது. கோயில் திருவிழாவில் ஒரே வரிசையில் எடுத்த படங்கள் கடையிலிருந்து வரும்போது ஒவ்வொன்றும் ஒரு நிறமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் எங்கள் ஊருக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. பால்மரத்துக்கு அடியில், செம்பனை ஓலைக்குக் கீழே ஆளை நிறுத்தி எடுத்தால் இலையில் பட்டுத் தெறிக்கும் பச்சை வெளிச்சம் முகத்தில் விழுகிறது. மாநிறத்தில், கறுப்பில், நோய் வந்த முகம் மாதிரி ஆக்கிவிடும். கொஞ்சம் பச்சையை எடுத்து மஜெண்டா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் ஒரு பொட்டு தள்ளினால் ரத்தம் திரும்பி வரும். கடையில் இதை யாரும் செய்து தரமாட்டார்கள், அவர்களுக்கு நேரம் கிடையாது. மென்பொருள் நிறத்துக்குக் காட்டும் எண்களை எங்கள் தோலில் வைத்துப் பார்த்தால் சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் குறைவு. நீலம் பச்சையை நெருங்கினால் சாம்பல் பூக்கும். பச்சை சிவப்பை நெருங்கினால் மஞ்சள் காமாலை. இந்த மூன்று எண்ணையும் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் திரை நல்ல திரையா கெட்ட திரையா என்ற கவலைகூடப் பாதி குறைந்துவிடும்.

13 அக்டோபர் 2024

நேற்று எழுதியதில் கடைக்காரர்களைத் திட்டியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். "முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்க" என்று கேட்டு வாங்குவதே நம் ஆட்கள்தான். கல்யாணப் பொண்ணுக்கு முகத்தில் மாவு பூசி, கழுத்தும் கையும் வேறு நிறமாக நிற்க வைத்து எடுப்பதும் நாம்தான். அதை மாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு கறுத்த பொம்பளையின் முகத்தை அதே கறுப்பில், பளபளப்போடு, கண்ணும் மூக்குத்தியும் மின்ன, A4-இல் போட்டு அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் பேசமாட்டார். அப்புறம் யார் வீட்டுக்கு வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவார்.

20 அக்டோபர் 2024

தாள். கேட்டவர் கிளாசியா (பளபளப்பா) மேட்டா (மினுக்கம் இல்லாததா) என்று கேட்டிருக்கிறார்.

கறுத்த முகங்களுக்கு மேட் தாள் வேண்டாம். காரணம் எளிது. மேட் தாளால் நல்ல கறுப்பைக் காட்ட முடியாது. கறுப்பின் அடர்த்தியை அளந்தால் மேட் தாளில் 1.6, 1.7 பக்கம் நின்றுவிடும், கிளாசியிலோ, இரண்டுக்கும் நடுவான லஸ்டரிலோ 2-ஐத் தாண்டிப் போகும். முடி, புருவம், தாடையின் கீழ் நிழல், கறுத்த தோல், நான்கும் படத்தின் இருண்ட பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கம் இடம் குறைந்தால் நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முகத்துக்கு வடிவமே இருக்காது. கிளாசியில் எல்லாம் பிரிந்து தெரியும், ஆனால் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தும், விரல் ரேகை பதியும். நான் லஸ்டரில் நிற்கிறேன், சதுர மீட்டருக்கு 250 கிராம் பக்கம். முன்பெல்லாம் பஞ்சுத் தாளுக்கு ஆசைப்படுவேன், 300 கிராமுக்கு மேல், தொட்டாலே ஒரு மரியாதை வரும். இப்போது அந்த ஆசையைத் தோட்டத்துக் காட்சிகளுக்கும் காலைப் பனிக்கும் ஒதுக்கிவிட்டேன். முகத்துக்கு லஸ்டர்.

தாளை வீணாக்காமல் இருக்க: A4 போடுவதற்கு முன்னால் கன்னமும் கழுத்தும் நெற்றியும் வரும் பகுதியை மட்டும் வெட்டி, அதே அளவில், ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு A4 தாளை நான்காகக் கிழித்தால் நான்கு சோதனை. இருட்டறையில் கழுவிய காலத்து ஆட்கள் இப்படித்தான் செய்தார்கள். துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, உள்ளே விளக்கில் ஒரு தடவை பாருங்கள். படம் எந்த வீட்டுச் சுவரில் மாட்டப்போகிறதோ அந்த வெளிச்சத்துக்குத்தான் போட வேண்டும். குழல் விளக்கில் சரியாக இருந்தது வாசலில் வேறாகத் தெரியும், பிக்மென்ட் மையில், அதாவது நிறத்தூள் கலந்த மையில், இது இன்னும் கூடுதல்.

27 அக்டோபர் 2024

மழைக்காலம். தாள் வளைகிறது என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள், ஒருவர் கூலிமிலிருந்து, ஒருவர் பகாவிலிருந்து. எல்லாருக்கும் ஒரே பதில். தாளைப் பிரிண்டரின் தட்டில் விட்டு வைக்காதீர்கள். நம் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாள் குடித்துவிடும், ஒரு பக்கம் பூச்சும் மறுபக்கம் வெறும் தாளுமாக இருப்பதால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து வளைகிறது. வளைந்த தாளில் தலை உரசும், ஓரத்தில் கறுப்புக் கறை விழும். வேண்டிய தாளை மட்டும் எடுங்கள், மிச்சத்தை இறுக்கி மூடும் பையில் சிலிக்கா ஜெல்லோடு படுக்கையாக வையுங்கள். நீல மணி ரோஜா நிறத்துக்கு வந்தால் காயவைத்து மறுபடி போடலாம். பழைய ஆட்கள் அலமாரிக்குள் ஒரு சின்னக் குண்டு பல்பை எரியவிட்டுக் கேமராவைக் காப்பாற்றினார்கள், அதுவும் இன்னும் வேலை செய்யும்.

பிரிண்டருக்குத் துணி போட்டு மூடுங்கள். தூசுக்காகச் சொல்லவில்லை, பல்லிக்கும் எறும்புக்கும். சூடாகவும் இருட்டாகவும் இருக்கும் எந்தப் பெட்டியும் பல்லிக்கு வீடுதான். பக்கத்துத் தெருவில் ஒருவர் பிரிண்டரைத் திறந்து பார்த்தபோது உள்ளே முட்டை. குஞ்சு பொரிக்கட்டும் என்று அவர் மனைவி பிரிண்டரைத் தொடவிடவில்லை.

2 நவம்பர் 2024

தீபாவளிக் குடும்பப் படம் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். கைப்பேசி எடுக்கும் படம் பெரும்பாலும் 4:3. 4R தாள் 3:2. அப்படியே கொடுத்தால் மேலும் கீழும் வெட்டுப்படும், பின் வரிசையில் நிற்கும் பெரியப்பாவின் தலை போய்விடும். எடுக்கும்போதே இடம் விட்டு எடுங்கள், இல்லையென்றால் வெள்ளை ஓரத்தோடு போடுங்கள்.

17 நவம்பர் 2024

இதை எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நல்ல பிரிண்டர் வைத்திருக்கிறவன் தோட்டத்து ஊரில் இருந்தால் அவனுக்கு ஒரு வேலை தானாக வந்து சேரும். இறந்தவர் படம்.

ராத்திரி பத்து மணிக்கு வாசலில் மோட்டார் சத்தம் கேட்கும். "அண்ணே, அப்பா தவறிட்டாரு. நாளைக்குக் காலையில எடுக்கிறோம். படம் ஒண்ணு வேணும்." கையில் இருப்பது புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த கல்யாணக் கூட்டப் படமாக இருக்கும், அதில் அப்பா மூன்றாவது வரிசையில், பாதி முகம் பந்தல் கால் மறைத்திருக்கும். இல்லையென்றால் அடையாள அட்டை. உயிரோடு இருக்கும்போது அவரைத் தனியாக நிற்க வைத்து யாரும் ஒரு படம் எடுத்திருக்க மாட்டார்கள். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த மனிதருக்கு அரசாங்கம் எடுத்த படம் மட்டும்தான் மிச்சம்.

பழைய ஆட்கள் விஷயத்தில் இது இன்னும் அழுத்தமான உண்மை. 1948 ஜூனில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான் வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், அதோடு அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும், படமும் கைரேகையும் உள்ள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டத்தில் பலருக்கு வாழ்க்கையில் முதல் படம் அதுதான். பயந்துபோய், விறைத்து நிற்கும் முகங்கள். அந்தப் படத்தின் பிரதியை இன்னும் டின்னில் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, பேரப்பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து பெரிதாக்கிக் கேட்கிறார்கள்.

எப்படிப் பெரிதாக்குவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரம் உள்ள படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 1200-க்கு 1800 புள்ளி கிடைக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் அது சரியாக 4R. சுவரில் மாட்டி நான்கைந்து அடி தள்ளிப் பார்க்கும் படத்துக்கு 150 புள்ளி போதும், அப்படியானால் 8-க்கு 12 அங்குலம் வரை இழுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் பழைய தாளின் சொரசொரப்புதான் பெரிதாகும், முகம் பெரிதாகாது. புலனத்தில் சாதாரணமாக வரும் படம் நீளப் பக்கத்தில் 1600 புள்ளி அளவில்தான் இருக்கும். முழுப் படத்தை 4R போட அது தாங்கும், கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டினால் தாங்காது. அதனால் முதலில் கேட்பது "இதை எடுத்தவர் யார், அவரிடம் மூலப் படம் இருக்கிறதா" என்பதுதான். ராத்திரி பதினோரு மணிக்கு ஈப்போவில் இருக்கும் மருமகனை எழுப்பி வாங்கிய மூலப் படத்தால் காப்பாற்றப்பட்ட படங்கள் உண்டு.

அவசரத்தில் இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். இங்க்ஜெட் படத்தை அடித்த சூட்டோடு கண்ணாடிச் சட்டத்தில் போட்டால் மையில் இருக்கும் கிளைகால் ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் பனி மாதிரி படியும். ஒரு நாள் காற்றாட விட வேண்டும். சாவு வீட்டில் ஒரு நாள் கிடையாது. அதனால் எடுப்பு நாளுக்கு ஒரு படம் அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன், கருமகிரியைக்குள் சட்டம் போட்ட படம் தனியாக. இரண்டுக்கும் காசு வாங்குவதில்லை.

18 நவம்பர் 2024

"முகத்தைத் தெளிவாக்கும் செயலி இருக்கிறதே, அதில் போட்டால் பாட்டி பளிச்சென்று வந்துவிடுவாரே" என்று கேட்டிருக்கிறார்கள். வருவது வேறு பாட்டி. மங்கலான இடத்தில் கண்ணிமை, பல், தோல் எல்லாவற்றையும் அது தானாகப் போட்டு நிரப்புகிறது, நிரப்பும்போது நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிடுகிறது. பிள்ளைகள் பார்த்தவுடன் சந்தோஷப்படுவார்கள். கூடப் பிறந்த தங்கச்சி பார்த்தால் "இது எங்க அக்கா இல்லை" என்பார், அந்தச் சொல்லை நான் நேரில் கேட்டிருக்கிறேன். மங்கலாக இருந்தாலும் அவர் முகமாக இருக்கட்டும். கீறலை எடுக்கிறேன், பூஞ்சைப் புள்ளியை எடுக்கிறேன், கண்ணைத் தொடமாட்டேன். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

1 டிசம்பர் 2024

சிவந்துபோன 1970-கள், 80-களின் கலர் படங்கள். அந்தக் காலத்துத் தாளில் நீலப்பச்சைச் சாயம்தான் பலவீனமானது, ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் அது மங்கிவிடும். அது போனால் சிவப்பு மட்டும் மிஞ்சும். ஸ்கேன் செய்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலையும் தனித்தனியாகத் திறந்து, லெவல்ஸ் கருவியில் ஒவ்வொன்றின் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் வரைபடத்தின் மேடு தொடங்கும், முடியும் இடத்துக்கு இழுத்து வையுங்கள். பாதிக்கு மேல் நிறம் திரும்பிவிடும், ஜிம்ப் என்ற இலவச மென்பொருளே போதும். சேலை நிறம் தெரியாவிட்டால் அம்மாவைக் கேளுங்கள். எல்லாச் சேலையும் ஞாபகம் இருக்கும்.

பசை ஆல்பம், அதாவது பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பம், அதில் இருக்கும் படங்களைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டே போனால் கழன்று வரும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைத் தொடவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். சாமி அறையில் ஊதுபத்திப் புகையில் இருந்த படங்கள் என்றால் முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள், நிறம் மங்கியதாக நினைத்தது பாதி புகையாக இருக்கும்.

22 டிசம்பர் 2024

டேங்க் பிரிண்டரா கார்ட்ரிட்ஜா. மை ஊற்றும் டேங்க் பிரிண்டர் நம் பக்கத்து நாட்டில் பிறந்தது, எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில்தான் முதலில் விற்றது. இந்த வட்டாரத்தில் கடைக்காரர்களே கார்ட்ரிட்ஜில் ஓட்டை போட்டு, குழாய் சொருகி, வெளியே மைப் புட்டி மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நிறுவனம் இறங்கி வந்தது. படம் போட வேண்டுமென்றால் நான்கு நிற டேங்க் வேண்டாம், ஆறு நிறம் உள்ளதாகப் பாருங்கள். வெளிர் மஜெண்டாவும் வெளிர் நீலமும் இருந்தால் வானமும் வெளிச்சம் படும் கன்னமும் புள்ளி புள்ளியாக வராது.

ஆறு நிற டேங்க் வகைகளில் பெரும்பாலும் சாய மை. நிறம் செழிப்பாக இருக்கும், ஆனால் காற்றில் திறந்து வைத்தால் சீக்கிரம் மங்கும். கண்ணாடிக்குள் போட்டால் நன்றாக உழைக்கும். பிக்மென்ட் மை திறந்திருந்தாலும் நீண்ட காலம் நிற்கும், விலையும் அதிகம், நாசிலும் கூடுதல் கவனிப்பு கேட்கும். தோட்டத்து வீட்டில் எல்லாப் படமும் கண்ணாடிக்குள்தான் போகிறது, ஆகையால் முதல் பிரிண்டராக சாய மை டேங்க் போதும் என்பது என் கருத்து. அக்டோபரில் இதைக் கேட்டிருந்தால் பிக்மென்ட் என்றுதான் சொல்லியிருப்பேன். இங்கே எழுதியவர்களின் தேவைகளைப் படித்த பிறகு மாற்றிக்கொண்டேன்.

16 ஜனவரி 2025

பொங்கல் முடிந்தது. கறுப்பு வெள்ளை பற்றிக் கேட்டவருக்கு: ஆறு நிறப் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் சாம்பல் நிறத்தைக் கலர் மைகளைக் கலந்துதான் உண்டாக்கும், அதனால் பச்சையோ ரோஜாவோ எட்டிப் பார்க்கும். தனிச் சாம்பல் மை உள்ள பிரிண்டர் இல்லையென்றால் படத்துக்கு வேண்டுமென்றே இளம் பழுப்புச் சாயல் கொடுத்துவிடுங்கள். பழைய படங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். கறுப்பு மை மட்டும் போட்டு அடிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், மணல் தூவிய மாதிரி இருக்கும்.

15 பிப்ரவரி 2025

தைப்பூசப் படங்கள். செவ்வாய்க்கிழமை ஈப்போ குனோங் சீரோவில் எடுத்தவை, இந்த வாரம் முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கேள்வி கேட்டவரும் தன் தம்பி பால்குடம் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறார், "மஞ்சள் வேட்டி தாளில் தட்டையாக, ஒரே பூச்சாக வருகிறது, மடிப்பே தெரியவில்லை, ஏன்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

கேமரா பிடிக்கும் மஞ்சளும் குங்குமச் சிவப்பும் சில சமயம் மையால் காட்ட முடிகிற எல்லைக்கு வெளியே போய்விடுகின்றன. எல்லைக்கு வெளியே இருக்கும் பத்துவிதமான மஞ்சளையும் பிரிண்டர் ஒரே மஞ்சளில் கொண்டுவந்து நிறுத்தினால் மடிப்பு காணாமல் போகும். பிரிண்ட் போடும் பக்கத்தில் "ரெலடிவ் கலரிமெட்ரிக்" என்று இருந்தால் "பெர்செப்சுவல்" என்று மாற்றிப் பாருங்கள். அது எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே இழுத்து இடைவெளியைக் காப்பாற்றும். அப்படியும் போதவில்லை என்றால் மஞ்சளின் செறிவை மட்டும் தனியாக இறக்குங்கள், முகத்தைத் தொடாமல். வெயிலில் காவடி தூக்கி வருகிறவரின் முகம் வேர்த்து மின்னும், அந்த மினுக்கம் வெள்ளைத் திட்டாக ஆகாமல் இருக்க ஹைலைட்டையும் ஒரு சுற்று இறக்க வேண்டும். லஸ்டர் தாள், சாய மை, வேட்டியின் மடிப்பும் நெற்றி விபூதியும் மட்டும் வரும் துண்டுச் சோதனை முதலில்.

உங்கள் தம்பி படத்தில் கேமரா நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. முகம் ஒரு படி இருட்டு, அவ்வளவுதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்ணும் சரியான வரிசையில் இருக்கின்றன, அதனால் நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் ஏற்றுங்கள். A4 போட்டுவிட்டுச் சொல்லுங்கள். மஞ்சள் இன்னும் தட்டையாக இருந்தால் எந்தத் தாள், எந்த புரொஃபைல் என்று எழுதுங்கள், மூலப் படத்தையும் அனுப்புங்கள், என் பிரிண்டரில் ஒன்று போட்டுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.